பழைய ரிவால்வரா, பழசாக்கின ரிவால்வரா? வாசகர் கேள்வி, டூல் ரூம்காரர் பதில்

போன இதழ்ல பழைய சுவர்க் கடிகாரம் பத்தி எழுதினப்ப, "டூப்ளிகேட் கடிகாரத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணு பழைய ரிவால்வருக்கும் போதும்"னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், கடிகாரத்தை எல்லாரும் மறந்துட்டீங்க, வந்த லெட்டர் மெயில் பூரா ரிவால்வர் ரிவால்வர்னுதான். சரி, இந்தத் தடவை முழுக்க அதுவே. முன்னாடியே சொல்லிடறேன், நான் துப்பாக்கி சுடுறவன் இல்லை. கோயமுத்தூர்ல முப்பது வருஷம் டூல் ரூம்ல லேத்து, மில்லிங், கிரைண்டிங்னு இரும்போட குடித்தனம் பண்ணினவன். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் பையன் டெக்ஸாஸ்ல இருக்கான்னு அங்க போய் மாசக்கணக்குல சும்மா உக்காந்திருந்தப்ப, கன் ஷோ, பழைய சாமான் சந்தைன்னு சுத்தி இந்தப் பைத்தியம் புடிச்சுது.

கேள்வி: சார், இங்க ஒரு கன் ஷோல கோல்ட் 1851 நேவி ரிவால்வர் ஒண்ணு பார்த்தேன். பித்தளை பாடி, .44 சைஸ், சிலிண்டர் மேல கப்பல் சண்டை படம் செதுக்கியிருக்கு, மொத்தமும் சாம்பல் கலர்ல நல்லா தேஞ்சிருக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தென்மாநிலப் படை ஆள் வெச்சிருந்ததாம், 900 டாலர் சொல்றார். போட்டோ அனுப்பியிருக்கேன், வாங்கலாமா?
– ஹூஸ்டன் வாசகர்

பதில்: தம்பி, காசை பாக்கெட்லயே வெச்சுக்கங்க. போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்க்கிறதுக்கு முன்னாடியே, நீங்க எழுதின ஒரே வரியில மூணு விஷயம் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்குது.

கோல்ட்னா தங்கம் இல்லை, சாமுவேல் கோல்ட்ங்கிற மனுஷன் பேரு. 1836ல அமெரிக்காவுல இந்த சுழலுற சிலிண்டருக்கு பேட்டன்ட் வாங்கினவர். அவரோட ஹார்ட்ஃபோர்ட் ஃபேக்டரியில 1873 வரைக்கும் இந்த நேவி மாடல் சுமார் 2,15,000 பண்ணினாங்க, லண்டன்ல போட்ட ஃபேக்டரியில இன்னொரு 42,000 சொச்சம். இத்தனையிலயும் ஃப்ரேம், அதாவது நீங்க சொல்ற பாடி, இரும்புதான். பித்தளை வர்றது ட்ரிகரைச் சுத்தி இருக்கிற வளையம், அந்த ட்ரிகர் கார்டுலயும் பிடியோட முதுகுப் பட்டையிலயும்தான், அதுலயும் பொதுஜனத்துக்கு வித்ததுல மேல வெள்ளி முலாம் பூசியிருப்பாங்க. சைஸ், அதாவது குழாயோட உள் விட்டம், .36 அங்குலம். ".44 நேவி"ங்கிற சமாச்சாரமே அந்தக் காலத்துல கோல்ட் கேட்டலாக்ல கிடையாது, .44 வேணும்னா டிராகூன் மாடல், இல்லைன்னா 1860 ஆர்மி மாடல். பின்ன இந்த .44 நேவி யார் கண்டுபிடிச்சதுன்னா, இத்தாலிக்காரங்க, நம்ம காலத்துல.

பித்தளை பாடிக்கு மட்டும் ஒரு நிஜக் கதை இருக்கு. போர்ல தென்மாநிலங்களுக்கு இரும்பும் எஃகும் தட்டுப்பாடு, அதனால ஜார்ஜியாவுல கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன்னு ஒரு பட்டறை பித்தளை ஃப்ரேம் போட்டு கோல்ட் நேவியைக் காப்பி அடிச்சு 3,600 சொச்சம் பண்ணுச்சு. வேலை செஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க அடிமைகள். 1864 நவம்பர்ல வடக்குப் படை வந்து அந்தப் பட்டறையையே கொளுத்திட்டுப் போயிடுச்சு. ஆனா அந்த ரிவால்வரை ஒரு தடவை கண்ணாடிப் பெட்டிக்குள்ள பார்த்தீங்கன்னா மறக்க மாட்டீங்க. பித்தளைன்னு பேரு, செம்பு அதிகமா கலந்திருக்கிறதால கொஞ்சம் செக்கச்செவேல்னு இருக்கும், நம்ம வீட்டுப் பழைய செம்புக் குடத்துக்கு தங்கச்சி மாதிரி. சிலிண்டர் முறுக்கின இரும்புல பண்ணினது, உத்துப் பார்த்தா இரும்புக்குள்ள சாய்வா ரேகை ஓடும். முக்கியமா சிலிண்டர் மேல படமே கிடையாது, மொட்டை. பேரலும் கோல்ட் நேவி மாதிரி எட்டுப் பட்டை இல்லை, உருட்டு.

ஆக உங்க ஆளு காட்டினது பித்தளை பாடிக்கு தெற்கு ஜார்ஜியா, கப்பல் படத்துக்கு வடக்கு ஹார்ட்ஃபோர்ட், .44க்கு இத்தாலி. மூணு ஊருக்கும் ஒரே ரிவால்வர்!

இத்தாலி விவரம் இதுதான். 1950கள் கடைசியில உள்நாட்டுப் போரோட நூறாவது வருஷம் வருதுன்னு அமெரிக்காவுல ஒரே ஆர்வம், அப்ப பிரெஸ்ஸியா பக்கம் கார்டோனே வால் ட்ரோம்பியாங்கிற ஊர்ல இந்த கருமருந்து ரிவால்வர்களை மறுபடி பண்ண ஆரம்பிச்சாங்க. உபெர்ட்டி, பியட்டான்னு கம்பெனிங்க இன்னைக்கும் பண்ணுது, நல்ல சாமான், சுடுறதுக்குன்னு நேர்மையா வாங்கி நேர்மையா விக்கிறது. தப்பு அவங்க மேல இல்லை, நடுவுல ஒருத்தன் அதை வாங்கி அரத்தால ராவி, எதையாவது பூசி துருப்புடிக்க வெச்சு "தாத்தா சொத்து"ன்னு கொண்டாந்து வைக்கிறான் பாருங்க, அவன் மேல. இத்தாலி சட்டப்படி ஒவ்வொரு பீஸும் அரசு சோதனைச் சாலையில முத்திரை வாங்கணும். நட்சத்திரத்துக்குக் கீழ பி.என்.னு ரெண்டு எழுத்து இருந்தா கருமருந்துக்கு சோதிச்சதுன்னு அர்த்தம். பக்கத்துல சின்னக் கட்டத்துக்குள்ள வருஷத்துக்கு ஒரு குறி, ரோமன் எண்ணா இருந்தா பழசு, 1975லேர்ந்து ஏஏ, ஏபி, ஏசின்னு எழுத்து. அதாவது கட்டத்துக்குள்ள ஏசின்னு இருந்தா அந்த "உள்நாட்டுப் போர் ரிவால்வர்" பொறந்தது 1977ல, என் கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

அதனால ஏமாத்துறவன் முதல்ல அழிக்கிறது அந்த முத்திரையைத்தான். இங்கதான் டூல் ரூம் புத்தி உதவுது. ட்யூப் லைட்டுக்குக் கீழ ரிவால்வரைப் புடிச்சு, லைட்டோட பிம்பம் ஒரு நேர்கோடா இரும்பு மேல விழுற மாதிரி மெதுவா சாய்ச்சுக்கிட்டே வாங்க. ஒழுங்கா மெஷின்ல ஓடின பரப்புல அந்தக் கோடு நேரா நகரும். எங்கயாவது அரம் போட்டு ராவி எதையாவது அழிச்சிருந்தா அந்த இடத்துல கோடு லேசா குழிஞ்சு வளையும், வெயில் காலத்துல தார் ரோடு அலையற மாதிரி. எத்தனை பாலிஷ் போட்டாலும் போன உலோகம் திரும்பி வராதுல்ல. உங்க மூணாவது போட்டோவுல ஃப்ரேமோட வலது பக்கம், சிலிண்டருக்குக் கொஞ்சம் கீழ, அந்த வளைவு அப்பட்டமா தெரியுது. அங்க என்ன இருந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த சாம்பல் கலரும் அப்படித்தான். மூக்கு நுனியிலேர்ந்து பிடி வரைக்கும், இண்டு இடுக்கு உள்பட ஒரே சீரா சாம்பலா இருக்குன்னா அது காலம் பண்ணின வேலை இல்லை, ஒரு வாளி ஆசிட் பண்ணின வேலை.

கேள்வி: ஐயா, நான் லெஸ்டர்ல இருக்கேன். ஒரு ஏலத்துல லண்டன் கோல்ட் நேவி ஒண்ணு வருது, பார்வைக்கு வெச்சிருக்கிற நாள்ல கையில எடுத்துப் பார்க்க விடுவாங்க. பத்து நிமிஷம்தான் கிடைக்கும். என்னத்தைப் பார்க்கிறது?
– லெஸ்டர் வாசகி

பதில்: பத்து நிமிஷம் தாராளம்மா. கையில வாங்கினதும் முதல்ல சிலிண்டர் பின்பக்கம் கேப் மாட்டியிருக்கான்னு பாருங்க. தீபாவளிக்கு பசங்க பொட்டு கேப் வெச்சு சுடுவாங்கல்ல, அதே தத்துவம்தான், சின்ன செம்புத் தொப்பி, ஒவ்வொரு அறைக்கும் பின்னாடி ஒரு நிப்பிள் மேல உக்காந்திருக்கும். நூத்தம்பது வருஷமா மருந்து கெட்டிச்சபடி கிடந்த பீஸுங்களும் வந்திருக்கு, அதனால குழாயை யார் பக்கமும், உங்க பக்கமும், திருப்பாதீங்க.

அடுத்து, ஏலக்காரரைக் கேட்டு பேரலைக் கழட்டச் சொல்லுங்க. கோல்ட்ல இது பெரிய வேலை இல்லை, பக்கவாட்டுல ஒரு ஆப்பு இருக்கும், அதைத் தட்டினா பேரலும் சிலிண்டரும் முன்னாடி உருவிட்டு வந்துடும். மாட்டேன்னு சொன்னா அதுவும் ஒரு பதில்தான். இப்ப தலைகீழா திருப்பிப் பாருங்க. பேரல் அடிப்பாகம், ஃப்ரேம், ட்ரிகர் கார்டு, பிடியோட அடிப்பட்டை, எல்லாத்துலயும் ஒரே சீரியல் நம்பர் இருக்கணும், சிலிண்டர்லயும் அதே. ஆப்புலகூட நம்பர் போட்டிருப்பாங்க, ஆனா ஆப்பு அடிக்கடி தொலையற சாமான், அது மட்டும் மாறியிருந்தா நான் பெருசு பண்ண மாட்டேன்.

நம்பர் ஒண்ணா இருந்தா மட்டும் போதாது, இதுல நான் பட்டுட்டேன். கோல்ட் 1849 பாக்கெட் மாடல், ஒரு சந்தையில, பெரியவர் ஒருத்தர் பைபிள் மேல கை வைக்காத குறையா சத்தியம் பண்ணி வித்தார். நாலு இடத்துலயும் நம்பர் அச்சு அசலா ஒண்ணு. வீட்டுக்கு வந்து லென்ஸ்ல பார்த்தா பேரல்ல இருக்கிற 8, மத்த இடத்து 8 மாதிரி இல்லை, இடது பக்க வயிறு கொஞ்சம் உப்பி இருக்கு. அது 3. மூணுக்கு இடது பக்கம் ரெண்டு வளைவு சேர்த்து எட்டாக்கிட்டான் புண்ணியவான்! வேற ரிவால்வரோட பேரலைக் கொண்டாந்து மாட்டி நம்பரைத் திருத்தியிருக்கான். ஒவ்வொரு பார்ட்டும் ஒரிஜினல், மொத்த ரிவால்வர் மட்டும் பொய். என் பொண்டாட்டி இன்னைக்கும் சந்தைக்குக் கிளம்பினா "மூணையும் எட்டையும் பார்த்து வாங்குங்க"ம்பா.

அதனால எண்ணோட உருவத்தைப் பாருங்க. பஞ்ச் வெச்சு அடிச்சா உலோகம் ஓரத்துல லேசா மேடு தட்டும், நூறு நூத்தம்பது வருஷம் கை பட்டுப் பட்டு அந்த மேடு தேஞ்சு வழுவழுன்னு ஆயிருக்கும், எண்ணோட பள்ளத்துக்குள்ள மட்டும் பழைய அழுக்கும் கருப்பும் தங்கியிருக்கும். புதுசா அடிச்சதுல ஓரம் விரல்ல லேசா கீறும், பள்ளத்துல இருக்கிற கருப்பு சுத்தி இருக்கிற கருப்போட ஒட்டாது. துருக் குழி ஒண்ணு எண்ணுக்குக் குறுக்க போகுதுன்னா அந்தக் குழி எண்ணோட கோட்டை அரிச்சிருக்கணும். குழிக்கு மேல எண்ணு பளிச்சுனு உக்காந்திருந்தா குழிக்கு அப்புறம் வந்த எண்ணுதானே?

தேய்மானம் பத்திதான் நிறைய சொல்லணும், ஏன்னா எல்லாரும் ஏமாந்து போற இடம் அது. தேய்மானத்துக்கு ஒரு காரணம் இருக்கணும். உறையில போட்டு எடுத்து போட்டு எடுத்து பேரலோட நுனி ஓரம் தேயும், சிலிண்டரோட முன் விளிம்பு தேயும், கட்டை விரல் படுற ஹாமர் மேல இருக்கிற சொரசொரப்பு தேயும், உள்ளங்கை படுற முதுகுப் பட்டையில வெள்ளி முலாம் போய் பித்தளை தெரியும். ஆனா கை போகாத இடம்னு ஒண்ணு உண்டுல்ல, பேரலுக்கும் அதுக்குக் கீழ குண்டை அமுக்கித் திணிக்கிற லோடிங் லீவருக்கும் நடுவுல, ட்ரிகர் கார்டு ஃப்ரேமோட சேர்ற மூலையில, அங்கெல்லாம் இரும்புக்கு ஏத்தின பழைய நீலக் கலரோ, வெள்ளி முலாமோ ஒரு துளியாவது தங்கியிருக்கும். நம்ம வீட்டு அம்மிக்கல் மாதிரி நினைச்சுக்கங்க, நடுவுல பள்ளம் விழும், ஓரம் கொத்தினபடியே இருக்கும். அம்மி மொத்தமும் ஒரே சீரா வழவழன்னு இருந்தா அதுல யாரும் அரைக்கலை.

நிப்பிளைச் சுத்தி இருக்கிற இரும்பைக் கண்டிப்பா பாருங்க. அந்தக் காலத்து கேப் மருந்து இரும்பை அரிக்கிற ஜாதி, வெடிச்ச கேப்போட கரி அங்கதான் தெறிக்கும், அதனால சுட்ட ரிவால்வருக்கு அந்த இடம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும், அதே நேரம் எண்ணெய் நின்ன உள் பாகங்க கொஞ்சம் நல்லா இருக்கும். செயற்கையா துரு ஏத்தினதுல இது தலைகீழ், உள்ளுக்குள்ள ஸ்ப்ரிங் பக்கமெல்லாம் செம்பழுப்பா துரு, நிப்பிள் சுத்தி மட்டும் பச்சைக் குழந்தை முகம்.

சிலிண்டர் படமும் பேசும். டெக்ஸாஸ் கப்பல்களும் மெக்ஸிகோ கப்பல்களும் 1843 மே 16ல மோதின சண்டை அது, ஆர்ம்ஸ்பிங்கிற செதுக்குக் கலைஞர் பண்ணின அச்சை சிலிண்டர் மேல உருட்டிப் பதிப்பாங்க. ஒரிஜினல்ல கோடு மயிரிழை மாதிரி, ஆழமே இருக்காது, அதனால லேசா பயன்படுத்தினதுலயே பாதிப் படம் போயிருக்கும். இரும்பெல்லாம் தேஞ்சு உளுத்துப் போயிருக்கு, படம் மட்டும் கப்பலோட பாய் மரக் கயிறு வரைக்கும் ஆழமா தெரியுதுன்னா, நைசா கீழ வெச்சுட்டு வந்துடுங்க.

மரப் பிடியைப் பாருங்க, வால்நட் மரம், வருஷக்கணக்குல சுருங்கும், இரும்பு சுருங்காது, அதனால பட்டையோட விளிம்பு மரத்தை விட ஒரு நூல் தூக்கலா விரல்ல தட்டுப்படணும். ரெண்டும் மட்டமா, இல்லைன்னா மரம் பட்டையை விட எழும்பி இருந்தா, மரம் பின்னாடி வந்தது.

லண்டன் பீஸுக்குன்னு ஒண்ணு. அந்த ஃபேக்டரி 1853ல தேம்ஸ் நதிக்கரையில பிம்லிகோவுல ஆரம்பிச்சு கொஞ்ச வருஷத்துலயே மூடிட்டாங்க. அதுல பேரல் மேல கர்னல் கோல்ட் லண்டன்னு விலாசம் இருக்கும், பட்டைகளும் பெரும்பாலும் இரும்பு. அமெரிக்காவுல பண்ணி இங்கிலாந்துக்கு அனுப்பினதுலயும் பிரிட்டிஷ் சோதனை முத்திரை இருக்கும், அதனால முத்திரை மட்டும் பார்த்துட்டு லண்டன் பீஸ்னு அதிக விலை கொடுத்துடாதீங்க. அங்க சட்டப்படி இந்த மாதிரி ஆன்டிக்கை அலங்காரப் பொருளா, சேகரிப்பா வெச்சுக்கலாம், சுடணும்னு நினைச்சா கதை வேற, அதுக்கு சர்டிஃபிகேட் வேணும்.

கேள்வி: ஊர்ல பழைய வீட்டை இடிக்கிறப்ப தாத்தாவோட டிரங்குப் பெட்டியில ஒரு குட்டி ரிவால்வர் கிடைச்சுது. வெள்ளைக்காரன் காலத்து வெப்ளின்னு பெரியப்பா சொல்றாங்க. சிலிண்டர்ல முட்டை வடிவத்துல ஒரு முத்திரை, அதுக்குள்ள ஈ, எல், ஜின்னு எழுத்து. விலை போகுமா?
– திருச்சி பக்கத்து வாசகர்

பதில்: விலையை அப்புறம் பேசலாம், முதல்ல இதைப் படிங்க. இந்தியாவுல ஆயுதச் சட்டம் 1959 இருக்கு. பழைய மாடல், தொல்பொருள் மதிப்பு உள்ளது, அதே சமயம் ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாதுங்கிற நிலைமையில இருக்கிறதுக்குத்தான் அதுல விலக்கு. "பழசுதானே"ன்னு நாமளே முடிவு பண்ண முடியாது. தாத்தா பேர்ல லைசென்ஸ் இருந்திருந்தாலும் அது அவரோட போச்சு. அதனால நோண்டாம, ட்ரிகரை அழுத்திப் பார்க்காம, ஒரு வக்கீலையோ விவரம் தெரிஞ்சவரையோ கூட்டிக்கிட்டு லோக்கல் போலீஸ் ஸ்டேஷன்ல தகவல் கொடுத்து ஒப்படைச்சு ரசீது வாங்குங்க, அப்புறம் வாரிசா லைசென்ஸ் கேட்கிறதா வேண்டாமான்னு யோசிங்க. இன்னொண்ணு, நூறு வருஷம் தாண்டினதா இருந்தா தொல்பொருள் சட்டமும் சேர்ந்துக்கும், வெளிநாட்டு மாமாவுக்கு பார்சல் போடுற ஐடியா இருந்தா மறந்துடுங்க.

இப்ப சுவாரசியமான விஷயம். அந்த முட்டை முத்திரை பெல்ஜியத்துல லியேஜ் நகரத்து சோதனைச் சாலையோடது. முட்டைக்கு மேல குட்டிக் கிரீடம் இருந்தா 1893க்கு அப்புறம், இல்லைன்னா அதுக்கு முன்னாடி. வெப்ளி பர்மிங்ஹாம்காரங்க, அவங்க 1870கள்ல புல்டாக்னு ஒரு குட்டை மூக்கு ரிவால்வர் விட்டாங்க, பாக்கெட்ல அடங்கும், நல்லா வித்துது. உடனே பெல்ஜியத்துல குடிசைத் தொழில் மாதிரி அதே உருவத்துல ஆயிரக்கணக்குல பண்ணி உலகம் பூரா அனுப்பிட்டாங்க. ஆக உங்க தாத்தாவோடது அந்தக் காலத்துலயே டூப்ளிகேட், ஆனா ஒரிஜினல் பழசு. பெரியப்பா சொன்னதுல பாதி சரி, அவர் மனசை நோகடிக்காதீங்க.

நிஜ வெப்ளின்னா பர்மிங்ஹாம் இல்லைன்னா லண்டன் முத்திரை இருக்கும், நம்ம நாட்டுக்கு வந்ததுல வித்த கடை பேரும் மேல செதுக்கியிருக்கும். கல்கத்தா ராடா கம்பெனி பேர் போட்டது நான் பார்த்திருக்கேன். அதே ராடா கம்பெனிக்கு வந்த சரக்குலேர்ந்துதான் 1914 ஆகஸ்ட்ல வங்காளப் புரட்சிக்காரங்க 50 மவுசர் பிஸ்டலையும் 46,000 தோட்டாவையும் மாட்டு வண்டியில வெச்சு கொண்டுபோனாங்க. அதனால ராடா பேர் இருந்தாலே விக்கிறவன் ஒரு சுதந்திரப் போராட்டக் கதையையும் சேர்த்து விப்பான், கதைக்கு காசு கொடுக்காதீங்க.

கேள்வி: ஈ.சி.ஆர்ல ஒரு ஆன்டிக் கடையில சுவர்ல மாட்டுற ரிவால்வர் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். "பிரிட்டிஷ் பீஸ், லைசென்ஸ் தேவையில்லாம பண்ணினது"ன்னாங்க. உண்மையா?
– சென்னை வாசகர்

பதில்: ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து பேரல் மேல வைங்க. ஒட்டாம விழுந்துச்சா? துத்தநாகக் கலவை, அச்சுல ஊத்தினது. ஸ்பெயின்ல டெனிக்ஸ்னு ஒரு கம்பெனி இந்த மாதிரி அலங்கார ரிவால்வர் பண்ணி உலகம் பூரா அனுப்புது, அதைப் பார்த்து இன்னும் மட்டமா பண்றவங்களும் உண்டு. குழாய்க்குள்ள டார்ச் அடிச்சா அடைப்பு தெரியும், ரெண்டு பாதியை ஒட்டின கோடு அடியில ஓடும். சுவருக்கு அழகா இருந்தா விட்டுடுங்க, 6,500 கொஞ்சம் ஜாஸ்திதான்.

கேள்வி: ரெமிங்டன் ரிவால்வர் ஒண்ணுல பேரல் மேல 1858னு தெளிவா அடிச்சிருக்கு. அப்ப 1858ல பண்ணினதுதானே?
– டல்லஸ் வாசகர்

பதில்: இல்லை. அது பேட்டன்ட் தேதி, 1858 செப்டம்பர் 14. நீங்க சொல்ற நியூ மாடல் வந்தது 1863 வாக்குல. நம்ம ஊர் பிஸ்கட் பாக்கெட்ல கம்பெனி ஆரம்பிச்ச வருஷம் போட்டிருந்தா பிஸ்கட் அப்ப சுட்டதுன்னு சொல்ல மாட்டோம்ல? இத்தாலிக்காரங்க ரெப்ளிகாவை "1858 ரெமிங்டன்"னே பேர் வெச்சு விக்கிறதால இந்தக் குழப்பம் ஊர் பூரா பரவிடுச்சு. யாராவது "1858ல பண்ணினது"ன்னு அடிச்சுச் சொன்னா, ரிவால்வரை விட ஆளைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

கேள்வி: டொரொன்டோல கூட வேலை செய்யற பதான் நண்பர் வீட்டுல ஒரு வெப்ளி இருக்கு, அவங்க தாத்தா பெஷாவர்லேர்ந்து கொண்டுவந்தது. விக்டோரியா மகாராணி முத்திரை, கிரீடம் எல்லாம் இருக்கு, வருஷம் 1917. நிஜம்தானே அண்ணா?
– ஸ்கார்பரோ வாசகர்

பதில்: தம்பி, மகாராணி காலமானது 1901 ஜனவரி. 1917ல அந்தம்மா முத்திரை எப்படி வரும்? பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் நடுவுல தர்ரா ஆதம் கேல்னு ஒரு ஊர், தெருவுக்குத் தெரு துப்பாக்கிப் பட்டறை, எந்த ஆயுதத்தைக் கொடுத்தாலும் அரமும் கைத் துளையும் வெச்சு காப்பி அடிச்சுடுவாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒரு படம், அவ்வளவுதான், அதனால முத்திரையையும் படமா பார்த்து வரைவாங்க. லென்ஸ்ல பாருங்க, என்ங்கிற எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பி நிக்கும், ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து காணாம போயிருக்கும், வரி நேரா போகாம சாயும்.

எனக்கு இந்த தர்ரா பீஸுங்க மேல ஒரு தனி மரியாதை உண்டு, ஒளிச்சு வைக்க வேண்டியதில்லை. மில்லிங் மெஷின் இல்லாம, டிராயிங் இல்லாம, கண் அளவுல ஒரு வெப்ளியோட ட்ரிகர், ஹாமர் பாகங்களைக் கையால ராவி உக்கார வைக்கிறது என்னன்னு பட்டறைக்காரனுக்குத்தான் தெரியும். ஆனா எஃகு என்ன எஃகுன்னு அடிச்சவனுக்கே தெரியாது, ரயில் தண்டவாளமும் இருக்கலாம் எதுவும் இருக்கலாம், அதனால அதுல தோட்டா போடுற பேச்சே வேண்டாம்னு நண்பர்கிட்ட சொல்லுங்க. கனடாவுல கைத்துப்பாக்கிக்கு ஆன்டிக் சலுகை 1898க்கு முன்னாடி பண்ணினதுக்குத்தான், இதுல 1917னு முத்திரையே குத்தியிருக்கு, பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி: எங்க ஊர்ல ஒருத்தர் பழைய ரிவால்வர் ஒண்ணைக் காட்டி, வாஞ்சிநாதன் மணியாச்சியில ஆஷ் துரையைச் சுட்ட அதே மாடல்ங்கிறார்.
– திருநெல்வேலி வாசகர்

பதில்: 1911 ஜூன் 17ல வாஞ்சி கையில இருந்தது பிரவுனிங் பிஸ்டல். அந்த பிஸ்டலுக்கு சுழலுற சிலிண்டர் கிடையாது, தோட்டா பிடிக்குள்ள இருக்கும். அவர் காட்டினது ரிவால்வர்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

கேள்வி: சார், என் மச்சான் நியூ ஜெர்சில ஒரு நிஜ கோல்ட் பாக்கெட் மாடல் வாங்கிட்டான், ஏலக் கம்பெனி சர்டிஃபிகேட்டோட. கருப்பு கருப்பா இருக்கு, பிராஸோ போட்டு பளபளன்னு ஆக்கித் தரட்டுமான்னு கேக்கறான் அவன் பையன்.
– கோவை வாசகர்

பதில்: இன்னைக்கே போன் பண்ணுங்க, நேரம் என்னன்னு எல்லாம் பார்க்காதீங்க. பையன் கையிலேர்ந்து பிராஸோவைப் புடுங்கச் சொல்லுங்க. அந்தக் கருப்புதான் அந்த ரிவால்வரோட விலையில பாதி. நல்ல பருத்தித் துணியில ரெண்டு சொட்டு லேசான மெஷின் எண்ணெய், மேலாப்புல துடைச்சா போதும். மரத்துல எண்ணெய் படக்கூடாது. வெறுங்கையால தொட்டா வேர்வை உப்பு ரேகையோட துரு புடிக்கும், காட்டன் கையுறை போட்டு எடுக்கச் சொல்லுங்க. தோல் உறையில போட்டு வைக்கக் கூடாது, தோல் பதப்படுத்தின ரசாயனமும் ஈரமும் இரும்பைத் தின்னும். அப்புறம், ஏற்கெனவே ஒரு பக்கம் பிராஸோ போட்டு முடிச்சிருந்தா, மறு பக்கத்தையாவது விட்டுடச் சொல்லுங்க.